ஆப்பிள் கிரம்பிள்: மேலே போட்ட ஓட்ஸ் கஞ்சி மாதிரி ஆகிறதென்றால்

ஆப்பிள் துண்டுகளின் மேல் மாவு, ஓட்ஸ், சர்க்கரை, வெண்ணெய் பிசிறித் தூவி ஓவனில் சுடும் இனிப்புதான் ஆப்பிள் கிரம்பிள். உருக்கிய வெண்ணெய் சேர்த்து 160 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டேன், மேலே மொறுமொறுப்பாக வராமல் கஞ்சியாகிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். உருக்கிய வெண்ணெய் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போடுங்கள். சூட்டையும் நீங்கள் வைத்த 160 டிகிரியிலிருந்து 190 ஆக்குங்கள். அரை மணி நேரம் போதாது, 40 நிமிடமாவது வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் ஓட்ஸ் மேல்தான். சீக்கிரம் வேகும் ரகம் என்றால் ஆப்பிள் விடும் சாற்றைக் குடித்துக் குழைந்துவிடும். ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டு, மூன்று நிமிடம் கழித்து விரலால் நசுக்கிப் பாருங்கள். வழவழவென்று கரைந்தால் அதுதான் காரணம். ரோல்டு ஓட்ஸ் (முழுத் தானியத்தை அவல் போலத் தட்டையாக்கிய கெட்டி ரகம்) வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு ஆப்பிளுக்கு நான் போடுவது: மைதா 100 கிராம், ஓட்ஸ் 75, நாட்டுச் சர்க்கரை 75, வெண்ணெய் 80. விரல் நுனியால் மட்டும் பிசிறுங்கள். புட்டுக்குப் பிசிறிய மாவு போல, பிடித்தால் கட்டியாக நிற்கவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். அங்கங்கே பட்டாணி அளவு கட்டிகள் கிடக்கட்டும், மொறுமொறுப்பே அவற்றில்தான் இருக்கிறது. பழத்தின் மேல் தூவிவிடுங்கள், அமுக்க வேண்டாம்.

ஓரத்தில் சாறு கெட்டியாகக் கொப்பளித்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

சின்ன ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) மேலே சூடாகும் கம்பி கிட்டத்தில் இருப்பதால் 25 நிமிடத்திலேயே கருக ஆரம்பிக்கலாம். அப்போது தட்டைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். ஃபாயில் போட்டு இறுக்கி மூடினால் ஆவி அடைத்து மறுபடியும் கஞ்சிதான்.