தாடை மூட்டு வலிக்கு லேசர் வைக்கிறார்களே, அது என்ன செய்யும்?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒன்று அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. அங்கே வலித்தால் சில மருத்துவர்கள் குறைந்த திறன் லேசர் வைப்பார்கள். 600 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான சிவப்பு, அகச்சிவப்பு ஒளி இது. தோலைத் தாண்டிப் போய், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகிறது. அதனால் அழற்சியும் வலியும் தணியும் என்பது கணக்கு. பூதக்கண்ணாடி வழியாகக் காகிதத்தை எரிக்கும் அதே வெயில்தானே செடியையும் வளர்க்கிறது? அப்படித்தான், லேசரும் திறன் குறைவாக இருந்தால் எரிக்காமல் தூண்டிவிடும்.

ஒரே தடவையில் முடியாது, பல முறை போக வேண்டும். ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. எனவே இதை மட்டும் நம்பி, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது போன்ற, வலிக்குக் காரணமாகக்கூடிய பழக்கங்களைக் கவனிக்காமல் விடுவது சரியில்லை.

அப்புறம், லேசர் என்றதும் சுடும், வெட்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது அறுவை சிகிச்சை லேசர், இது வேறு.