எந்தத் தெரு?

அன்புள்ள ஐயா,

சாயர்புரத்திலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்து நான்கு மாதம் ஆகிறது. எங்கள் கல்லூரியில் வெள்ளிக்கிழமை மாலை கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் கூடும். மலையாளிகள், தெலுங்கர்கள், நாகாலாந்து, மிசோரம் பிள்ளைகள் என்று முப்பது பேர். பாசமாகத்தான் பழகுகிறார்கள். ஆனால் பாட்டு, ஜெபம் எல்லாம் ஆங்கிலம். என்னை ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஊரில் கோயிலுக்குள் நுழைந்தாலே "இன்னார் பேத்தி" என்பார்கள். இங்கே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பேசாமல் ஒரு தமிழ்ச் சபைக்குப் போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் போங்கள், பெங்களூரில் தமிழ் ஆராதனைக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"இன்னார் பேத்தி" என்பது உங்களுக்கு இனித்திருக்கிறது. எனக்கு அப்படியில்லை. நானும் நெல்லைப் பக்கத்துக்காரன்தான். எங்கள் சபையில் புதிய முகத்தைக் கண்டால் முதலில் "எந்த ஊர்?" அப்புறம் "அங்கே எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். ஒரு அசனப் பந்தியில், அதாவது சபை விருந்தில், அப்பாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், தெருவைக் கேட்டதும் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சென்னையில் கல்லூரி சேர்ந்த முதல் வாரமே ஒரு சீனியர் என்னை இ.யு. கூட்டத்துக்கு இழுத்துப்போனார். 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் கல்லூரிக் கிளையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நாகர்களில் சுமி இனத்தவன், நாகாலாந்தின் சுன்ஹெபோட்டோக்காரன். அவன் கேட்ட முதல் கேள்வி: "நீ எந்த ட்ரைப்?" வயிற்றைக் கலக்கிவிட்டது. இங்கேயுமா? தயங்கித் தயங்கி "தமிழ்" என்றேன். "ஓ, தமிழ்" என்று தலையாட்டிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினான். அவ்வளவுதான். என் தெருவின் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அன்றைக்கு வந்த நிம்மதி எனக்கு எந்தத் தமிழ்ச் சபையிலும் வந்ததில்லை. (ஆவோ, அங்காமி, சுமி என்று அவர்களுக்குள்ளும் கணக்குகள் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அது அவன் ஊர்த் தலைவலி.)

இன்னொன்று. அவன் தனிமை என்னுடையதைவிடப் பெரியது. 2011 கணக்கெடுப்பில் நாகாலாந்தில் நூற்றுக்கு 88 பேர் கிறிஸ்தவர்கள், தமிழ்நாட்டில் 6 பேர். நாம் சிறுபான்மையாகவே பிறந்து வளர்ந்தவர்கள். அவனோ ஊரே கோயிலுக்குப் போகிற இடத்திலிருந்து வந்தவன், இங்கே பஸ்ஸில் ஏறினால் "நேபாளியா?" என்று கேட்டார்கள். இதைக் கவனிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. என் கூச்சத்தைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது. உங்கள் முப்பது பேரில் வேறு யார் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்களேன்.

எங்களை நிஜமாகச் சேர்த்துவைத்தது நாற்றம். அவன் வீட்டிலிருந்து அகுனி வரும், புளிக்கவைத்த சோயா. என்னிடம் நெத்திலிக் கருவாடு. ஒரு ராத்திரி ஒரே ஸ்டவ்வில் இரண்டையும் வைத்தோம். மறுநாள் மாடி முழுக்கப் புகார், வார்டன் முன்னால் இருவரும் ஜோடியாக நின்றோம்.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன். தமிழிலேயே ஜெபியுங்கள், யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். அந்த முப்பது பேரில் எத்தனை பேர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள்? முதல் ஆள் மாறட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்களோ என்னவோ. எங்கள் கூட்டத்தில் மாறியது அவன்தான். என் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான் சொன்ன அன்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவன், பாதியில் தன் சுமி மொழிக்குப் போய்விட்டான். ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்குப் புரிந்தது என் பெயரும் கடைசியில் வந்த ஆமெனும்தான்.