அமெரிக்கக் கோடை முகாம்களில் வெளிநாட்டவருக்கு என்ன பணிகள் உள்ளன, தகுதிகள் என்ன?

எந்தப் பணி என்பதைப் பொறுத்தே தகுதி மாறும். சிறுவர்களுடன் குடிலில் தங்கி, காலையில் எழுப்புவது முதல் இரவில் உறங்கவைப்பது வரை பொறுப்பேற்கும் வழிகாட்டியாக ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான அமெரிக்க விசா) செல்பவர், 18 வயது நிறைந்தவராகவும், ஆங்கிலத்தில் தேர்ச்சியுள்ளவராகவும், மாணவராகவோ ஆசிரியராகவோ இளைஞர் பணியில் பழகியவராகவோ தனித்திறன் பெற்றவராகவோ இருக்க வேண்டும். அதிகபட்சம் 4 மாதங்களே பணியாற்றலாம். இவர்களைச் சமையல்காரராகவோ பாத்திரம் கழுவுபவராகவோ அமர்த்த விதி இடமளிப்பதில்லை (பணி ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்). அத்தகைய வேலைகளுக்குக் கல்லூரி மாணவர்களுக்கான கோடைகாலப் பணி-பயணத் திட்டம் தனியே உண்டு. நீச்சல் பகுதிக் காவலரிடம் உயிர்காப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வழங்கும் சான்றிதழ் 2 ஆண்டுகளே செல்லும் என்பதோடு, ஏரிக்கரை முகாமுக்கு நீச்சல்குளப் பயிற்சி மட்டும் போதாது. செவிலியருக்கான உரிம விதிகளை அந்தந்த மாநிலமே வகுக்கிறது.