அடமானம் பதிவானது, ஆள்தான் மாறிவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் எழுதியிருக்கிறார்: "2022இல் சேமநிதிப் பணத்திலிருந்து 90,000 வெள்ளி கடன் கொடுத்தேன். தெரிந்த பையன் தன் அக்கா என்று ஒருவரை அழைத்து வந்தான். தாமான் (குடியிருப்பு) வீட்டின் அசல் கிராண்டை, அதாவது நிலப்பட்டாவைக் கொடுத்து, லோயர் ஆபீசில் அந்த அக்கா கையெழுத்துப் போட்டார். நில அலுவலகத்தில் அடமானமும் பதிவானது. மாதம் 900 வெள்ளி வட்டி வந்தது. ஏழு மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது வேறொரு பெண்மணி, 'வீடு என்னுடையது, நான் கையெழுத்தே போடவில்லை' என்று அடமானத்தை நீக்க வழக்குப் போட்டிருக்கிறார். போன வாரம் சம்மன் வந்தது. கிராண்ட் என்னிடம்தானே இருக்கிறது, வீட்டை ஏலம் விட முடியாதா?"

ஐயா, ஏலத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் சம்மன். அது கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் தரப்பு ஆஜராவதைப் பதிவு செய்யவேண்டும். விட்டால், உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம். வேறு லோயரைப் பாருங்கள். அடமானப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரிடமே போகாதீர்கள்.

கையெழுத்து பொய்யென்று நிரூபணமானால் ஏலம் கிடையாது. தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவுப்படி, பொய்ப் பத்திரத்தால் நேரடியாக உரிமை பெற்றவரின் பதிவு நிற்காது. அவர் நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தாலும் அப்படித்தான். 2000இல் பூன்சோம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லி, நிலக்காரர்களைப் பத்து வருஷம் பயத்தில் வைத்திருந்தது. 2010இல் தான் யிங் ஹொங் வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் திருத்தியது. குவாந்தான் பக்கத்து நிலம், பொய்யான பவர் பத்திரம், பேங்க் அடமானம். பேங்கே தோற்றது.

ஆனால் அடமானத்தை நீக்க உடனே சம்மதித்துவிடாதீர்கள். அசல் கிராண்ட் அந்த அக்காவின் கைக்கு எப்படி வந்தது? அலமாரியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு யாரோ நெருக்கமாக இருந்திருக்கிறார்கள். 90,000 வெள்ளி எந்தக் கணக்கில் விழுந்தது, அங்கிருந்து எங்கே போனது? வீட்டுக்காரரும் இதற்கு உடந்தை என்றாலோ, அவருடைய கடனை அடைக்கத்தான் பணம் போனது என்றாலோ வழக்கின் முகமே மாறிவிடும். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்றால், வயதான அம்மாவோடு மல்லுக்கட்டிச் செலவை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இனி, அந்த அக்கா காட்டிய அடையாள கார்டு, நீங்கள் அனுப்பிய நகல். முதல் இரண்டு எண் 49, அதாவது 1949இல் பிறந்தவர். கையெழுத்துப் போட்ட அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நில அலுவலகத்தில் காரியான் (நிலப் பதிவுத் தேடல்) எடுத்துப் பார்த்திருந்தாலும் இந்த மோசடி சிக்கியிருக்காது, ஏனென்றால் பதிவில் இருந்த பெயரும் எண்ணும் சரி. கார்டையும் முகத்தையும் ஒரு நிமிஷம் சேர்த்துப் பார்த்திருந்தால் போதும்.

அதைப் பார்ப்பது, கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்று சான்று சொன்ன லோயரின் பொறுப்பு. பணம் திரும்பக் கிடைக்க எனக்குத் தெரிந்து நல்ல வழி இதுதான். இதே வழக்கில் அவரை மூன்றாம் தரப்பாக இழுத்து, கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்கலாம். தொழில் செய்யும் லோயர்களுக்குப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம், ஆகவே தீர்ப்பு வெறும் காகிதமாகப் போகாது. ஆனால் "நீங்களும்தானே எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள்?" என்ற கேள்வி வரும். ஒரு பங்கை நீதிபதி கழிக்கலாம்.

பையன் மீதும் அந்த அக்கா மீதும் இன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கு 420, பொய்ப் பத்திரத்துக்கு 468, 471ஆம் பிரிவுகள். 420க்கு ஒரு வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆனால் அவர்கள் ஜெயிலுக்குப் போவதால் உங்கள் பணம் வந்துவிடாது. அதற்குச் சிவில் வழக்கு வேண்டும். கணக்கில் மிச்சம் இருப்பதாகத் தெரிந்தால், அதை முடக்கச் சொல்லி முதலிலேயே மனு போடவேண்டும். காலக்கெடு ஆறு வருஷம். மோசடி என்றால், அது தெரியவந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.

அப்புறம் அந்த 900 வெள்ளி. 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி, வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்திருந்தாலும் உரிமம் இல்லாமல் வட்டித்தொழில் செய்தவர் என்று அனுமானிக்க இடமுண்டு. இல்லை என்று காட்டுவது உங்கள் பாரம். வாழ்க்கையில் வேறு யாருக்கும் வட்டிக்குக் கொடுத்ததில்லை என்றால் பேங்க் கணக்குப் புத்தகங்களை எடுத்து வையுங்கள். கொடுத்திருந்தால், அதைப் புது லோயரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும் என்று வைக்காதீர்கள்.