திருப்புகிற கையும் பிடிக்கிற கையும்

கோவையில் 38 வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். வீட்டுக் குழாய் பற்றி வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பகுதியில் பதில் எழுதி வருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கடத்தைச் சொல்கின்றன: கழலாத குழாய், கழலாத எல்போ (பைப் திரும்புகிற இடத்தில் மாட்டும் முழங்கை வடிவ இணைப்பு), கழலாத வால்வு. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாத்ரூம் குழாயை மாற்ற வந்த பிளம்பர் தம்பி ரெஞ்ச் போட்டுத் திருப்பியதும் குழாய் உடைந்து, மரைப் பாகம் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சுவரை உடைத்தால்தான் எடுக்க முடியும், டைல்ஸுக்கு நான் பொறுப்பில்லை என்கிறார். வேறு வழியே இல்லையா? — வாசகி, ஈரோடு

உடைக்க வேண்டாம் அம்மா. டைல்ஸில் கை வைப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடிவிட்டு, கீழே இருக்கும் ஒரு குழாயைத் திறந்து லைனில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உடைந்த விளிம்பு மஞ்சளாக இருக்கிறதா, செம்பு மாதிரி சிவந்திருக்கிறதா? சிவந்திருந்தால், பித்தளையில் இருந்த துத்தநாகத்தைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். மிச்சம் இருப்பது செம்புச் சக்கை. உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு லைன், போர் தண்ணீருக்கு ஒரு லைன் என்று பல வீடுகளில் தனித்தனியாக ஓடும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கி மாட்டிய குழாய்கள்தான். நல்ல தண்ணீர் லைனில் இருப்பது திடமாக இருக்கும், உப்புத் தண்ணீர் லைனில் இருப்பது கையோடு வரும். அதனால் அந்தத் தம்பி முரட்டுத்தனம் பண்ணியதாக நினைக்காதீர்கள். மெதுவாகத் திருப்பியிருந்தாலும் உடைந்திருக்கலாம்.

இப்போது எடுக்கும் வழி. ஹார்டுவேர் கடையில் நிப்பிள் எக்ஸ்ட்ராக்டர் என்று கேளுங்கள். முனை சிறுத்து, உடம்பில் இடப்பக்கமாகச் சுற்றிய பள்ளங்களோடு இருக்கும் இரும்புத் துண்டு அது. அரை இஞ்ச் சைஸ் வாங்க வேண்டும். உடைந்த துண்டுக்குள் வைத்து, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. அதன் தலையில் ஸ்க்ரூ ஸ்பேனரை (வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பேனர்) போட்டு இடப்பக்கம் திருப்பினால், திருப்பத் திருப்ப அது உள்ளே கடித்துக்கொண்டு துண்டையும் இழுத்து வரும். ஓங்கி அடிக்கக் கூடாது. ஓங்கி அடித்தால் துண்டு விரிந்து இன்னும் இறுகும், அதைச் சுற்றிச் சுவருக்குள் இருக்கும் எல்போவும் சேர்ந்து விரிசல் விடும்.

அது கிடைக்காவிட்டால் ஆக்சா பிளேடு போதும். பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, துண்டின் உள்பக்கத்தில் சுண்டுவிரல் அகலம் விட்டு இரண்டு கோடு அறுக்க வேண்டும். துண்டின் கனம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அதை முழுக்க அறுத்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும், ஏனென்றால் அடுத்து இருப்பது எல்போவின் மரை. அதில் பல் பட்டால் எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் கசியும். பத்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மெல்லிய உளியை வைத்து அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கும் துண்டை உள்பக்கமாக மடக்கினால், பிடி விட்டுப்போகும். மூக்கு பிளையரால் சுற்றி எடுத்துவிடலாம். அரை மணி நேர வேலை. பொறுமையாகச் செய்கிறவருக்கு அதிலேயே முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது கட்டுகிற வீடுகளில் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் எல்போ. அதன் வாயில் மட்டும் ஒரு பித்தளை வளையம் பதித்திருப்பார்கள், மரை அதில்தான் இருக்கும். அளவுக்கு மீறித் திருகினால் அந்த வளையம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே சுற்றிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துப் பக்கத்து அறைச் சுவரில் ஈரம் பூக்கும். ஆகவே திருப்பும்போது வளையமும் சேர்ந்து நகர்வதுபோலத் தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, பிளேடு வழிக்கு மாறுங்கள்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் புதிதாக வேலைக்குப் போகிறேன். பைப் ரெஞ்ச் போட்டால் வழுக்குகிறது. அதன் மேல் தாடையும் லொடலொடவென்று ஆடுகிறது. பழைய ரெஞ்ச் என்பதால் தேய்ந்துவிட்டதா? — வாசகர், திருநெல்வேலி

தம்பி, அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. அமெரிக்காவில் டேனியல் ஸ்டில்சன் என்பவர் இந்த ரெஞ்சுக்குக் காப்புரிமை வாங்கி 150 வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு அவர் வைத்த அமைப்புதான் இன்று உன் கையிலும் இருக்கிறது. கைப்பிடியை அழுத்தும்போது கொக்கி மாதிரி இருக்கும் அந்த மேல் தாடை கொஞ்சம் சாய்ந்து, உருளையான பைப்பைக் கீழ்த் தாடையோடு சேர்த்து நெரிக்கும். அழுத்தம் கூடக் கூடப் பிடியும் கூடும். ஆடாத தாடை என்றால் நெரிக்காது, வழுக்கிக்கொண்டுதான் போகும்.

வழுக்குவதற்குக் காரணம் அநேகமாக நீ போடுகிற விதம். ரெஞ்சின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் பல் பிடிக்காது. இரண்டாவது, பைப்பை வாயின் அடிவரைக்கும் திணிக்காதே. பைப்புக்கும் ரெஞ்சின் முதுகுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கட்டும். அந்த இடம் இல்லாவிட்டால் தாடைக்குச் சாய இடமில்லை. பல்லிடுக்கில் பெயின்ட்டும் டேப்பும் சேர்ந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடு. இவ்வளவும் செய்து பார்த்து, அதன் பிறகும் வழுக்கினால் பல் தேய்ந்திருக்கிறது. தாடை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

கைப்பிடியில் பைப்பைச் சொருகி நீளம் கூட்டுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். நீ செய்யாதே. 14 இஞ்சில் அசையாததற்கு 24 இஞ்ச் ரெஞ்சை எடு. அதே கைபலத்துக்கு ஒன்றே முக்கால் பங்கு விசை கிடைக்கும், ரெஞ்சும் அதைத் தாங்கும். சொருகிய பைப் வழுக்கினால் போவது உன் முகம். தள்ளாமல் உன் பக்கமாக இழுத்துப் பழகு. தள்ளும்போது திடீரென்று கழன்றால் முட்டி நேராகச் சுவரில்தான் மோதும்.

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன் போட்டு ஐம்பது வருடம் இருக்கும். மோட்டார் பக்கத்தில் ஒரு எல்போவையும் வால்வையும் மாற்ற வேண்டும். எண்ணெய் விட்டும் அசையவில்லை. நெருப்பு வைத்துக் கழற்றலாமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, நெருப்பு கடைசியில். முதலில் அந்தப் பைப்பில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சுத்தியலால் பைப்பைத் தட்டிக்கொண்டே போங்கள். ணங் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கிற இடத்தில் உள்ளே துரு அடைத்துக் கிடக்கிறது, பைப்பும் மெலிந்திருக்கும். அங்கே ரெஞ்ச் போட்டால் கழலாது, முறுக்கிக்கொண்டு கிழியும். அப்படியென்றால் கழற்றப் பார்க்காமல், நல்ல பாகம் வரைக்கும் ஆக்சாவால் அறுத்துவிட்டுப் புது மரை போட்டு யூனியன் (பைப்பைச் சுற்றாமலே கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வைப்பதுதான் சரி.

பைப் திடமாக இருந்தால் ஒரு ராத்திரி பொறுங்கள். இரும்பு துருப்பிடித்தால் பழைய இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். மரையின் இடுக்கில் வேறு இடம் இல்லாததால் அது ஆப்பு மாதிரி இறுகிவிடுகிறது. அந்தக் காலத்து ஜாயின்ட்டில் சணலும் வெள்ளைப் பெயின்ட்டும் வைத்திருப்பார்கள், அதுவும் காய்ந்து கல்லாகியிருக்கும். எண்ணெய் அதற்குள் ஊர்ந்து போக நேரம் வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரை ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு, டபிள்யூ.டி. 40 மாதிரி ஊடுருவுகிற எண்ணெயை அடியுங்கள். கையில் இருந்தால் மண்ணெண்ணெயும் ஆகும். அப்புறம் எல்போவின் ஒரு பக்கம் பெரிய சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி விடும். சாயங்காலம் ஒரு முறை, ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை. காலையில்தான் ரெஞ்சைத் தொட வேண்டும்.

கழற்றும்போது இரண்டு ரெஞ்ச் வேண்டும். ஒன்று எல்போவைத் திருப்புவதற்கு, ஒன்று பைப்பைப் பிடிப்பதற்கு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1991-ல் ஒரு வீட்டில் சமையலறைக் குழாயை மாற்றப் போனேன். தனி ஆளாக, ஒற்றை 18 இஞ்ச் ரெஞ்ச். குழாய் அசையவில்லை என்று உடம்பு பாரம் முழுக்கப் போட்டு இழுத்தேன். நகர்ந்தது. கழன்றுவிட்டது என்று நினைத்தேன். நகர்ந்தது குழாய் இல்லை, சுவருக்குள் இருந்த எல்போ. அதற்குப் பின்னால் இருந்த ஜாயின்ட் விட்டுப்போய், அன்று ராத்திரியே பக்கத்து அறையில் நெல் மூட்டை நனைந்தது. மறுநாள் சுவரை உடைத்துச் சரிபண்ணிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, காப்பி கொடுத்தார்கள். நனைந்த நெல்லை அவர்கள் மொட்டைமாடியில் காயப் போட்டது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டு, “வலது கை எதைத் திருப்புதுன்னு பார்க்காதே, இடது கை எதைப் பிடிச்சிருக்குன்னு பாரு” என்றார். அன்றிலிருந்து பிடிக்க ரெஞ்ச் போடாமல் திருப்ப ரெஞ்ச் போட்டதில்லை.

இரண்டு ரெஞ்சின் வாயும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்திருக்கட்டும். கைப்பிடிகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்து நெருக்குவதுபோல அழுத்தலாம். எடுத்தவுடன் இடப்பக்கம் திருப்பாமல், முதலில் ஒரு மயிரிழை வலப்பக்கம் இறுக்கிவிட்டு அப்புறம் திருப்பினால் துருவின் பிடி உடையும். வால்வுக்கு மட்டும் ஒரு விதி உண்டு: பைப் எந்த முனையில் நுழைகிறதோ அந்த முனையின் ஆறு பட்டையில் ஸ்பேனரைப் போட வேண்டும். மறுமுனையில் போட்டால் வால்வின் உடம்பே முறுகிவிடும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் அப்போது நெருப்பு. ப்ளோ லாம்ப்பை எல்போவில் மட்டும் காட்டுங்கள், உள்ளே போகிற பைப்பில் வேண்டாம். எல்போ விரிய வேண்டும், பைப் விரியக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சுர்ரென்று ஆவியாகிற சூடு போதும். லைனில் தண்ணீர் துளிகூட நிற்காமல் வடித்து, ஒரு வாயைத் திறந்தே வைத்திருங்கள். மூடின பைப்புக்குள் ஆவி அடைபட்டால் ஆபத்து. முன்பு அடித்த எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், அதுவும் தீப்பிடிக்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் பைப்போ டெஃப்லான் டேப் சுற்றிய ஜாயின்ட்டோ இருந்தால் நெருப்பே வேண்டாம். டெஃப்லான் மிஞ்சிச் சூடானால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. தனியாக இதைச் செய்யாதீர்கள் ஐயா, ஒரு கை கூட இருக்கட்டும்.

ஷவர் கம்பி கழல மறுக்கிறது. பைப் ரெஞ்ச் போட்டால் பளபளப்பு போய்விடுமே? — வாசகர், மதுரை

போய்விடும், அதனால் போடாதீர்கள். மரை ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் சுற்றி வைத்துவிட்டுத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். பிறகு பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி, கம்பியில் நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, கையாலேயே திருப்பிப் பாருங்கள். ரப்பர் பிடிக்கிற பிடி பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். போதாவிட்டால் ஸ்ட்ராப் ரெஞ்ச் என்று வார் வைத்தது கிடைக்கிறது. பட்டை உள்ள குழாய் என்றால் துணியை மடித்து வைத்து ஸ்க்ரூ ஸ்பேனர்.

வாஷ்பேசினுக்கு அடியில் பில்லர் காக்கின் (பேசின் மேல் நிற்கிற குழாய்) நட்டு இருக்கிறது. கை நுழையவில்லை, ஸ்பேனர் எப்படி நுழையும்? — வாசகி, வேளச்சேரி, சென்னை

பேசின் ரெஞ்ச் என்று அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது அம்மா. நீளக் கம்பியின் நுனியில் கொக்கி, அடியில் குறுக்குக் கைப்பிடி. மல்லாந்து படுத்துக்கொண்டு கொக்கியை நட்டில் மாட்டிக் கீழிருந்து திருகலாம். கொக்கியை மறுபக்கம் புரட்டினால் இறுக்கவும் ஆகும். திருகும்போது மேலே ஒருவர் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழாயும் சேர்ந்து சுற்றிப் பீங்கானில் விரிசல் விடும்.

வீட்டுக்கென்று ஒரு பைப் ரெஞ்ச் வாங்க நினைக்கிறேன். எந்த சைஸ் நல்லது? — வாசகர், சேலம்

ஒன்று வேண்டாம், இரண்டாக வாங்குங்கள். 12 இஞ்ச் ஒன்று, 14 இஞ்ச் ஒன்று. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் லைனுக்கு அது போதும். பிளாஸ்டிக் பைப் ஓடுகிற வீட்டில் அதைவிடப் பெரிது கையில் இருந்தால் கெடுதல்தான். கூடவே பத்து இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று. கடையில் வாங்கும்போது தாடையை நகர்த்துகிற உருட்டு வளையத்தைக் கட்டைவிரலால் சுற்றிப் பாருங்கள், எங்கும் சிக்காமல் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்து, அந்த வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.