பக்கத்துக் கம்பெனிக்கு மட்டும் ஆள் கிடைப்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் 8 பவர்டேபிள்களுடன் (மின் தையல் இயந்திரங்களுடன்) ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தருவது) நடத்துகிறேன். ‘டைலர் தேவை’ என்று பலகை தொங்கவிட்டும் ஆள் வருவதில்லை. டைலராக வந்து இன்று பக்கத்தில் கம்பெனி நடத்தும் ஒடிசாக்காரருக்குப் பலகையே தேவைப்படவில்லையே, ஏன்?
– வாசகர், அவிநாசி

பதில்: உறவையும் ஊரையும் நம்பி ஆள் சேர்ப்பது வெளியூர்க்காரரின் வழக்கம் மட்டுமன்று, நம் பனியன் கம்பெனிகளும் தொடக்கத்தில் பங்காளி, மாமன் மச்சான், பக்கத்து ஊர்ப் பையன்கள் என்றே ஆள் சேர்த்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபின் உள்ளூர் முதலாளிக்கு அவ்வழி குறுகிவிட்டது. முதல் தலைமுறையாக வந்தவருக்கு அது இன்னும் திறந்திருக்கிறது. தங்க அறை, முதல் வாரச் சாப்பாட்டுச் செலவு, ஓவர்லாக் தையல் இயந்திரம் பழக்கிவிட ஓர் ஆள் என மூன்றையும் அவரே ஏற்பாடு செய்வதால், புதிதாக ரயிலிறங்கும் பையன் வேறு கம்பெனியைத் தேடுவதில்லை. (அந்தச் செலவு அவன்மேல் கடனாக நிற்கும்; அது தீரும்வரை அவன் கூலி பேசவும் துணியமாட்டான்.)

அவருக்கும் இடர் உண்டு. ஜூன் நடுவில் ஒடிசாவின் ரஜ பண்டிகை வந்தால் பாதி மேஜைகள் ஒரே நாளில் காலியாகும். ஒருவனோடு மனத்தாங்கல் என்றால் நால்வர் சேர்ந்து போவார்கள். எக்ஸ்போர்ட்டரிடம் பீஸ் ரேட் (ஒரு உருப்படிக்கான கூலி) பேசிச் சனிக்கிழமைச் சம்பளத்துக்குள் பில் பணம் வாங்கிவர, அவரும் தமிழ் பேசும் ஆளைத்தான் நாடவேண்டியிருக்கும்.

இப்போதுள்ள டைலர்களிடமே ஆள் கேட்டுப் பாருங்கள். ஆனால் மொத்த ஆட்கள் 10 பேரைத் தொட்டதும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு கட்டாயம்.