பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், இசை பேண்டும் வைத்திருக்கிறான்

அன்புள்ள அம்மாவுக்கு,

மார்க் குறைந்துவிட்டது, எந்நேரமும் பேண்ட்தான் என்று சனிக்கிழமை உங்கள் மகனை ஆலோசனைக்கு என்னிடம் அழைத்து வந்தீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அவனிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசினேன். அவனுடைய பேண்டில் வாசிக்கிற நண்பர்கள் மூன்று பேரும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். பேசி முடித்துக் கதவைத் திறந்தபோது, தொடையில் தட்டிக்கொண்டு ‘தகிட தகதிமி, தகிட தகதிமி’ என்று மூவரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். யாரோ மிருதங்கம் படிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டால், அவர்கள் புதிதாகப் போட்டிருக்கும் பாட்டில் கிதார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு) ஏழு எண்ணிக்கையில் வருகிறதாம். டிரம்ஸ் வாசிக்கிற பையன் நான்காவது சுற்றில் தாளத்தை விட்டுவிடுகிறானாம். அதைப் பிடிக்கத்தான் இந்த வழி. கர்நாடக இசையில் இந்த ஏழு எண்ணிக்கைத் தாளத்துக்கு மிஸ்ர சாபு என்று பெயர் என்றேன். உங்கள் மகன் பையில் இருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

‘பேண்டை நிறுத்தச் சொல்லட்டுமா?’ என்று கேட்டீர்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் அதற்குப் பதிலாக அவனிடம் கேட்டு வாங்கவேண்டியவை சில இருக்கின்றன. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘வெறும் கத்தல், மண்டை வெடிக்கிறது’ என்றீர்கள். சத்தம் அதிகம்தான். ஆனால் இவர்கள் வாசிக்கிற புரோக்ரசிவ் மெட்டல் என்ற ராக் வகை சும்மா கத்திவிட்டுப் போகிற இசை இல்லை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும். நாலு பேரும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசியில், கோர்வை என்ற கணக்கை மூன்று முறை வாசித்துத் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் இறக்கும்போது சபையே ஒரு நொடி மூச்சைப் பிடிக்கும் அல்லவா, இவர்களுக்கும் அந்த இடம்தான் முக்கியம். ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க பேண்ட் 1999இல் வெளியிட்ட ஆல்பத்தில், ஆறே நிமிட வாத்தியப் பாட்டு ஒன்றில் தாளம் 100 தடவைக்கு மேல் மாறுகிறது. அதை வாசிக்க வேண்டுமானால் உட்கார்ந்து கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

உங்களைத் தூங்கவிடாத பேச்சும் அந்த பேண்டைப் பற்றியதுதான். ‘அவங்க காலேஜை விட்டுட்டுத்தானே ஜெயிச்சாங்க?’ என்று அவன் சாப்பாட்டு மேஜையில் கேட்டதாகச் சொன்னீர்கள். அவன் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது பாதிக் கதை. மீதியை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கிங்ஸ் பார்க் என்று ஓர் ஊர். ஜான் பெட்ருச்சி, ஜான் மியுங் இருவரும் அங்கே பள்ளி நாளிலிருந்து நண்பர்கள். மியுங் சின்ன வயதில் வயலின் கற்றவர், பதின்ம வயதில்தான் பேஸ் கிதாருக்கு மாறினார். பள்ளிப் படிப்பை முழுதாக முடித்துவிட்டுத்தான் இருவரும் பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே மைக் போர்ட்னாய் என்ற டிரம்ஸ் கலைஞர் கிடைத்தார். 1985இல் பேண்ட் தொடங்கியபோது மூவருக்கும் வயது 18. ஊரில் இருந்த பழைய தோழர் கெவின் மூரைக் கீபோர்டுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பேண்டின் முதல் பெயர் மெஜஸ்டி.

ஆக, அவர்கள் பாதியில் விட்டது இசைக் கல்லூரியை. அதில் இடம் கிடைக்கும் அளவுக்கு முன்பே வாசித்துப் பழகியிருந்தார்கள். விட்ட பிறகு சும்மா உட்காரவில்லை. கிடைத்த வேலைக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்தார்கள், மிச்ச நேரத்தில் பாட்டு எழுதினார்கள். 1986இல் தாங்களே பதிவு செய்த டெமோ (மாதிரிப் பதிவு) கேசட்டை 1000 பிரதி போட்டு விற்றார்கள். முதல் ஆல்பம் வந்தது 1989இல். அதற்காகச் சுற்றுப்பயணம் என்று நடந்தவை ஐந்தே நிகழ்ச்சிகள், அதுவும் பக்கத்து ஊர்களில். பிறகு பாடகரை விலக்கினார்கள். அடுத்த பாடகரைத் தேடித் தேடி இரண்டு வருடம் போனது. கனடாவிலிருந்து ஜேம்ஸ் லாப்ரி வந்து சேர்ந்து, 1992இல் இரண்டாவது ஆல்பம் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கணக்குப் பார்த்தால் ஏழு வருடம். கிராமி விருது கிடைத்ததோ 2022இல்.

இந்த ஏழு வருடத்தை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்த ஏழு வருஷம் அவங்க வீட்ல என்ன சொன்னாங்க சார்?’ என்று கேட்டான். அம்மா, அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எல்லார் வீட்டுக் கதையும் எனக்குத் தெரியாது, போர்ட்னாயின் அப்பாவைப் பற்றி ஒன்று தெரியும். மெஜஸ்டி என்ற பெயரில் ஏற்கெனவே இன்னொரு பேண்ட் இருந்து, வழக்குப் போடுவோம் என்றபோது, இவர்கள் பெயர் கிடைக்காமல் திண்டாடினார்கள். கலிஃபோர்னியாவில் மாண்டரே என்ற ஊரில் இருந்த ஒரு சினிமா தியேட்டரின் பெயரைச் சொன்னவர் அந்த அப்பாதான். இன்றைக்கு உலகம் முழுக்க அந்த பேண்டைக் கூப்பிடுவது அவர் வைத்த பெயரில்.

பல வருடத்துக்கு முன் இதே போல ஒரு அப்பா என்னிடம் வந்தார். ‘பரீட்சை முடிகிறவரை கிதாரைப் பூட்டி வையுங்கள்’ என்று நானே சொன்னேன். பூட்டி வைத்தார். பையனுக்கு மார்க் ஏறவில்லை. அப்பாவிடம் பேச்சுதான் நின்றது. அந்த யோசனையை அதற்குப் பிறகு யாருக்கும் நான் சொல்வதில்லை.

உங்கள் மகனுடைய காலாண்டு மார்க் ஷீட்டைப் பார்த்தேன். இயற்பியல் 61, கணிதம் 58. பத்தாம் வகுப்பில் 90க்கு மேல் வாங்கியவன் என்பதால் உங்களுக்குப் பதற்றம். அவனுடைய ஒரு வாரத்தைத் தாளில் எழுதச் சொன்னேன். நாலு நாள் மாலை ஜாமிங் (நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பது), ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம், போக வர ஒரு மணி நேரம். வாரத்துக்கு 16 மணி நேரம் அதிலேயே போகிறது. டியூஷன் முடிந்து படுக்கப் பன்னிரண்டரை. கெட்டுப்போயிருப்பது தூக்கம். அதனால் பேண்டைப் பற்றிப் பேசாமல் நேரத்தைப் பற்றிப் பேசினேன். பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியும்வரை நண்பர்களோடு ஜாமிங் சனி, ஞாயிறு மட்டும். வார நாளில் வீட்டில் தனியாக ஒரு மணி நேரம், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துக்கொண்டு. பதினொன்றுக்குப் படுக்கை. அவன் ஒத்துக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்: அந்த ஒரு மணி நேரத்தில் ‘படிக்கலையா’ என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அதை நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள்.

குரூப்பை மாற்றிக் கேட்டானானால் சம்மதிக்காதீர்கள். இசையை நம்புகிற பையனுக்குத்தான் இயற்பியல் அதிகம் தேவை. புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் படிப்பில் சேர ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், அதோடு பிளஸ் டூவில் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் ஒலிப்பதிவுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. தகுதி என்ன என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம். வாசிப்பையே முறையாகக் கற்க வேண்டும் என்றால் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி சென்னையிலேயே இருக்கிறது. இன்ஜினியரிங்தான் கிடைத்தது என்றாலும் வருத்தப்பட வேண்டாம். கல்லூரிக் கலைவிழா மேடைகள் பேண்டுகளுக்கு நல்ல இடம். சுவீடனின் ஓபெத் போன்ற பெரிய பேண்டே ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவுக்காக வந்து வாசித்திருக்கிறது. மிக்ஸிங் (பதிவு செய்த ஒலிகளைக் கலந்து சீராக்குவது), வீடியோ கேம்களுக்கு ஒலி அமைப்பது, மேடை ஒலி, வாத்தியம் கற்றுக்கொடுப்பது என்று சோறு போடுகிற வேலைகள் இந்தத் துறையைச் சுற்றி இருக்கின்றன. மேடையில் வாசிப்பது மட்டுமே வருமானம் என்று அவனும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் வாசிக்கிற இடத்தின் படத்தைப் போனில் காட்டினான். மொட்டை மாடி ஷெட், பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டை வெளியே போகிற சத்தத்தைத் தடுக்காது, உள்ளே இருக்கிறவர்கள் காதையும் காப்பாற்றாது. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்பது ஒரு பாதுகாப்புக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். ‘ஜாமிங் முடிஞ்சா காதுல கொஞ்ச நேரம் ரீங்காரம் கேக்கும் சார், அப்புறம் போயிடும்’ என்று சாதாரணமாகச் சொன்னான். எனக்குப் பகீரென்றது. உள்காதில் செத்துப்போன செல் திரும்ப முளைக்காது. புது கிதார் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். காதில் வைக்கிற இயர் பிளக்கை இந்த வாரமே நாலு பேருக்கும் வாங்கிக் கொடுங்கள். ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனையும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள்.

யாராவது ‘ஆல்பம் போடுகிறோம்’ என்று தாளை நீட்டினால் அவசரப்படாதீர்கள். 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது, அதனால் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். பாட்டின் இசை அதை அமைத்தவருக்குச் சொந்தம். ஆனால் ஒலிப்பதிவின் உரிமை, அதைப் பொறுப்பேற்றுத் தயாரிப்பவருக்குப் போகும். இரண்டும் வேறு வேறு என்பது பையன்களுக்குத் தெரியவில்லை. வக்கீல் ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். எந்தப் பாட்டில் யார் எதை அமைத்தார்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். நண்பர்களாக இருக்கும்போதே எழுதிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

வருகிற ஞாயிறு அவர்கள் அந்த ஏழு எண்ணிக்கைப் பாட்டை முழுதாக வாசித்துப் பார்க்கப் போகிறார்கள். நீங்களும் அவன் அப்பாவும் மாடிக்குப் போய் ஒரு தடவை கேளுங்கள், காதில் பிளக் வைத்துக்கொண்டு. நான்காவது சுற்றில் டிரம்ஸ் பையன் சரியாக வந்து விழுந்தானா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த டிரம்ஸ் பையனுடைய அம்மாவும் என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். அடுத்த சனிக்கிழமை காலை 11 மணிக்கு மேல் இருக்கிறேன், சேர்ந்தே வாருங்கள்.